கூறியது கூறாமை: உரைதிருத்திகளிற் கட்டளை மீட்பின் வரலாறு

நன்னூலார் நூலுக்குரிய குற்றங்கள் பத்தினை வகுத்துரைக்குமிடத்துக் கூறியது கூறலையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். ஒருமுறை விளங்கச் சொல்லப்பட்டதைப் பயனின்றி மீண்டுஞ் சொல்லுதல், சொல்வோனின் உழைப்பையும் கேட்போனின் பொறுமையையும் ஒருங்கே வீணாக்கும் என்பது இதன் உட்கிடையாகும். மனிதன் மனிதனுக்குச் சொல்லுமிடத்துக் குற்றமாகக் கொள்ளப்பட்ட இச்செயல், மனிதன் கணினிக்குச் சொல்லுமிடத்துத் தொடக்கத்தில் தவிர்க்கமுடியாத நியதியாக இருந்தது. பொறி கேட்டதைச் செய்தது, செய்தவுடன் மறந்தது. அதே செயல் இன்னோரிடத்தில் வேண்டப்படின் அதே கட்டளையை எழுத்துப் பிசகாது மீண்டும் தட்டச்சிட வேண்டியிருந்தது.

கணினியில் உரைகளை எழுதவுந் திருத்தவும் பயன்படும் செய்நிரல்களை ஈண்டு உரைதிருத்திகள் எனக் குறிப்பிடுவோம். முன்னர் இடப்பட்ட கட்டளையை நினைவில் வைத்துச் சிறு சைகையொன்றினால் மீட்டுச் செய்யும் ஆற்றலை இவை எவ்வாறு பெற்றன என்பதை வரலாற்று முறையில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பொருள் மிகச் சிறிதெனத் தோன்றலாம். ஆயின், நினைவுகூரும் பொறுப்பு யாருடையது, தீர்மானிக்கும் பொறுப்பு யாருடையது என்ற பெரிய வினா இச்சிறிய பொருளினுள்ளே அடங்கியுள்ளது.

எடுத்துக்காட்டொன்றைக் கொள்வோம். ஐந்நூறு பக்க நூலொன்றின் மூலப்பிரதியில் ‘யாழ்ப்பாணம்’ என்னுஞ் சொல் ஒற்று விடுபட்டு ‘யாழ்பாணம்’ என நாற்பது இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. திருத்துவோன் முன் மூன்று வழிகள் உள. நாற்பது இடங்களையும் தனித்தனியே கையாற் திருத்துதல் முதலாவது வழி. இதில் அயர்ச்சி மிகும், அயர்ச்சி புதிய பிழைகளைத் தரும். நாற்பதையும் ஒரே கட்டளையால் மாற்றிவிடுதல் இரண்டாவது வழி. இது விரைவானது, ஆனால் கண்ணற்றது. பழைய வெளியீடொன்றின் தலைப்பு அவ்வாறே அச்சாகியிருந்து, அது மேற்கோளாகக் காட்டப்பட்டிருப்பின், அதனையும் இக்கட்டளை மாற்றிவிடும். அது பதிப்பு நெறியாகாது. ஓரிடத்தில் திருத்திவிட்டு, ஏனைய இடங்களை ஒவ்வொன்றாகக் கண்ணாற் கண்டு, வேண்டிய இடத்தில் மட்டும் ‘முன்செய்ததையே செய்’ என ஒரு சாவியினாற் பணித்தல் மூன்றாவது வழி. உரைதிருத்திகளின் வரலாறு பெரும்பாலும் முதலாவது வழியிலிருந்து இரண்டாவதற்கும், இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்கும் சென்ற வரலாறெனலாம்.

நாடாவும் கட்டளைத் தொடரும்

1960களின் முற்பகுதியிற் செய்நிரல்கள் துளையிட்ட கடதாசி நாடாக்களில் வைக்கப்பட்டன. ஓரெழுத்தைத் திருத்துவதற்கும் புதியதொரு நாடாவைத் துளையிட வேண்டியிருந்தது. 1962, 1963 ஆம் ஆண்டுகளை ஒட்டி மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் மாணவராயிருந்த டான் மேர்பி, பீ.டி.பி. 1 என்னுங் கணினிக்காக ரெக்கோ என்ற திருத்தியை எழுதினார். நாடாவைத் திருத்துவது என்பதே அப்பெயரின் முதற் பொருளாகும்.

ரெக்கோவின் கட்டளைகள் பெரும்பாலும் ஒற்றை எழுத்துகளாலானவை. அவற்றைச் சங்கிலியாகக் கோத்து ஒருங்கே இடலாம். அதன் வளர்ச்சியுற்ற வடிவங்களிலே, கட்டளைத் தொடரைக் கோண அடைப்புக்குறிகளுள் இட்டால் அத்தொடர் திரும்பத் திரும்ப நிகழும். தொடரை ஒரு பெயரின்கீழ்ச் சேமித்துவைத்துப் பின்னர் அழைக்கவும் முடியும். கட்டளை என்பது சொல்லி மறையும் ஒலியாகவன்றி, எழுதிவைத்து எடுத்தாளும் உரையாக மாறியமை இங்கு கவனிக்கத்தக்கது. எனினும் இத்தொடர்கள் படிப்போரை மிரட்டின. தம் பெயரைக் கட்டளையாகத் தட்டச்சிட்டால் உரைக்கு யாது நேரும் என ஊகிப்பது ரெக்கோவைப் பயன்படுத்துவோரிடையே விளையாட்டாக நிலவியது. செறிவு மிகுந்தவிடத்துத் தெளிவு குறைந்தது.

பெல் ஆய்வுகூடத்தின் சிக்கனம்

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிலி வளாகத்தில் 1960களின் நடுப்பகுதியில் பட்லர் லாம்ப்சன், பீற்றர் டொயிச் ஆகியோர் கியூ.ஈ.டி. என்னுந் திருத்தியை உருவாக்கினர். அதுபற்றிய அவர்களது கட்டுரை 1967 இல் வெளியாயிற்று. உரையை வைத்திருக்கும் பல தேக்கங்களை இத்திருத்தி கொண்டிருந்தது. ஒரு தேக்கத்தில் இருப்பதனை, பயன்படுத்துவோன் அப்பொழுது தட்டச்சிட்டாற்போல, கட்டளையாகவே ஏற்கச் செய்யவும் முடிந்தது. உரைக்கும் கட்டளைக்கும் இடையிலிருந்த வேலி இவ்வாறு திறந்துவிடப்பட்டது.

பேர்க்கிலியிற் கற்று 1966 இல் பெல் ஆய்வுகூடத்திற் சேர்ந்த கென் தொம்சன் இத்திருத்தியைத் திரும்ப எழுதினார். ஒரு சொல்லை மட்டுமன்றி, ஒரு வகைப்பட்ட எழுத்துத் தொடர்கள் அனைத்தையும் பொதுப்படக் குறிக்கவல்ல கோலங்களை அவர் அதனுட் புகுத்தினார். அக்கோலங்களைத் தேடும் முறை பற்றிய அவரது கட்டுரை 1968 இல் வெளிவந்தது. 1969 இல் யுனிக்ஸ் தொகுதி உருவானபோது அதற்கெனச் சுருங்கிய வடிவிலே ஈ.டி. என்ற திருத்தியை எழுதினார்.

ஈ.டி.யின் சுருக்கத்தை விளங்கிக்கொள்வதற்கு அக்காலத்துக் கருவியை மனங்கொள்ளல் வேண்டும். ரெலிரைப் எனப்பட்ட தொலைத்தட்டச்சுப் பொறியிலே திரை இல்லை, கடதாசியே இருந்தது. பரவலாக வழங்கிய பொறி செக்கனுக்குப் பத்து எழுத்துகளையே அச்சிட்டது. ஆகவே ஒவ்வோரெழுத்துக்கும் ஒரு விலை இருந்தது. தேடுங் கோலத்தை வெறுமையாக விட்டால் ‘முன்னர் தேடியதையே தேடு’ எனப் பொருள்கொள்ளும் வழக்கம் ஈ.டி.யில் அமைந்தது. இரண்டு சாய்கோடுகளுக்கிடையே ஒன்றும் எழுதாமை, முன்னெழுதியது அனைத்தையும் குறித்து நின்றது. நம் இலக்கணத்தார் தொகைநிலை என்பதுபோல, மறைந்து நிற்பது பொருள் தந்தது.

இதனினும் வலிமை வாய்ந்தது ஈ.டி.யின் பொதுக்கட்டளையாகும். கோலமொன்றையும் கட்டளையொன்றையும் கொடுத்தால், அக்கோலம் அமைந்த வரிகள் எல்லாவற்றிலும் அக்கட்டளை நிறைவேறும். அது நிறைவேறும் முறையில் ஒரு நுட்பம் உண்டு. முதற் சுற்றிலே திருத்தி பொருந்தும் வரிகளையெல்லாம் குறியிட்டுக்கொள்கிறது. இரண்டாஞ் சுற்றிலேயே குறியிட்ட வரிகளுக்குச் சென்று பணியைச் செய்கிறது. இவ்வாறு பிரிக்காவிடின், பொருந்தும் வரியைப் பிரதிசெய்து கீழே வைக்குமாறு பணித்தால், அப்பிரதியும் பொருந்தும், அதன் பிரதியும் பொருந்தும், பணி முடிவுறாது. மீட்டுச் செய்தலுக்கு எல்லை வகுத்தல் இன்றியமையாதது என்பது இதனாற் பெறப்படுகின்றது. கோலம் பொருந்தும் வரிகளை அச்சிடும் பொதுக்கட்டளையின் சுருக்கெழுத்தே பின்னர் கிறெப் என்ற தேடுகருவிக்குப் பெயராயிற்று. 1970களின் முற்பகுதியில் லீ மக்மாகன் எழுதிய செட், கட்டளைகளைக் கோப்பொன்றில் வைத்து எத்தனை நூல்களின்மீதும் ஓட்டும் கருவியாக இவ்வழியிலேயே பிறந்தது.

இவை யாவும் நாம் மேலே இரண்டாவதெனக் கூறிய வழியின் உச்சங்கள். மனிதன் முன்கூட்டியே அனைத்தையும் சிந்தித்துச் சொல்லவேண்டும். சொன்னபின் அவன் பார்வையாளனே.

புள்ளியின் தோற்றம்

1976 இல் இலண்டன் குயின் மேரிக் கல்லூரியைச் சேர்ந்த ஜோர்ஜ் கூலூரிஸ், ஈ.டி.யைத் திரையுள்ள முடிவிடங்களுக்கேற்பத் திருத்தி எம் என்ற வடிவத்தை அமைத்தார். மானிடருக்கான திருத்தி என்பது அப்பெயரின் விரிவு. ஈ.டி. மானிடருக்கு உகந்ததன்று என்ற குறிப்பு அதில் உண்டு. அவ்வாண்டு கோடையில் அவர் பேர்க்கிலிக்குச் சென்றபோது அங்கு மாணவராயிருந்த பில் ஜோய் அதனைக் கண்டார். ஜோய், சக் ஹேலி ஆகியோரின் முயற்சியால் ஈ.எக்ஸ். என்ற திருத்தி உருவாயிற்று. அதன் திரைவடிவமே வி.ஐ. எனப் பெயர்பெற்று 1979 இல் பேர்க்கிலியின் இரண்டாவது மென்பொருள் வெளியீட்டோடு பரவியது.

ஜோய் தமது வீட்டிலிருந்து தொலைபேசி இணைப்பினூடாகப் பணிபுரிந்தார். அவ்விணைப்பு செக்கனுக்கு 300 பிற்றுகளை, அதாவது ஏறத்தாழ முப்பது எழுத்துகளைக் கடத்தியது. வரிக்கு எண்பது எழுத்தாக இருபத்துநான்கு வரிகள் கொண்ட திரையொன்றில் 1,920 எழுத்துகள் அடங்கும். எனவே திரை முழுவதையும் ஒருமுறை நிரப்ப ஒரு நிமிடத்துக்கு மேலாயிற்று. கணினி எழுதி முடிப்பதற்குள் மனிதனின் சிந்தனை முன்சென்று காத்திருந்த அச்சூழலிலே, ஒரு சாவியால் ஒரு முழுச்செயலை நிகழ்த்துவது அலங்காரமன்று, தேவையாகும்.

வி.ஐ.யில் முற்றுப்புள்ளிச் சாவியை அழுத்தினால் இறுதியாகச் செய்த மாற்றம் நிலைகாட்டி நிற்குமிடத்தில் மீண்டும் நிகழ்கிறது. ஈ.டி.யிற் புள்ளி என்பது நடப்பு வரியைக் குறித்தது; ‘இங்கு’ என்பதே அதன் பொருள். வி.ஐ.யின் திரைநிலையில் அதே குறி ‘முன்னதுபோல்’ எனப் பொருள் கொண்டது.

இக்கட்டளை இயலுமாவதற்குக் காரணமாக அமைந்தது வி.ஐ.யின் கட்டளை இலக்கணமாகும். அங்கு ஒரு மாற்றம் வினையாலும் அவ்வினையின் எல்லையாலும் ஆக்கப்படுகிறது: நீக்கு என்பது வினை, சொல்லின் இறுதிவரை என்பது எல்லை. ‘ஐந்து எழுத்துகளை நீக்கு’ எனப் பணித்து அதை மீட்டால் ஐந்தெழுத்துகளே நீங்கும். அடுத்த சொல் ஏழெழுத்தாயின் எச்சம் நிற்கும். ‘சொல்லை நீக்கு’ எனப் பணித்திருந்தால் எந்நீளச் சொல்லும் முழுமையாக நீங்கும். முன்னது அவ்விடத்துக்கு மட்டும் உரிய விபரம். பின்னது செய்வோனின் கருத்து. கருத்து வெளிப்படச் சொல்லப்பட்ட கட்டளையே வேறோரிடத்திலும் பொருள் தரும் என்பது இதனாற் தெளிவாகும்.

வி.ஐ. பற்றி அடிக்கடி கூறப்படும் குறை, அதில் கட்டளையிடும் நிலையும் எழுத்தை உட்புகுத்தும் நிலையும் வெவ்வேறாக இருத்தலாகும். எழுதி முடித்தபின் விடுபடு சாவியை அழுத்தியே மீளவேண்டும். புதிதாகக் கற்போருக்கு இது தொல்லை. ஆயின், அச்சாவியே மாற்றத்தின் முடிவைக் குறிக்கிறது. ‘இச்சொல்லை அகற்றி இதனை எழுது’ என்ற செயல் தொடக்கமும் முடிவுமுள்ள ஓர் அலகாவது அதனாலேயாகும். முடிவு இல்லாத ஒன்றை மீட்டுச் சொல்ல இயலாது.

புள்ளி மாற்றத்தை மட்டும் நினைவில் வைக்கிறது. நிலைகாட்டி நடந்த வழியை நினைவில் வைப்பதில்லை. தேடலை மீட்பதற்கு வேறொரு சாவி உண்டு. இப்பிரிவே மூன்றாவது வழியைத் திறந்துவிட்டது. நமது எடுத்துக்காட்டில், முதலாவது ‘யாழ்பாண’த்தைத் தேடித் திருத்தியபின், ஒரு சாவி அடுத்த இடத்துக்கு இட்டுச்செல்லும், புள்ளி அதைத் திருத்தும். பழைய நூற்றலைப்பு வருமிடத்திற் புள்ளியை அழுத்தாது கடந்துசெல்லலாம். நினைவு பொறியிடமும் தீர்ப்பு மனிதனிடமுமாகப் பொறுப்புகள் பங்கிடப்பட்டன.

வழியையும் நினைத்தல்

இதே காலப்பகுதியில், 1976 இல், மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்திலே றிச்சட் ஸ்ரோல்மன், கை ஸ்ரீல் முதலியோரின் உழைப்பால் ஈமாக்ஸ் தோன்றியது. அது ரெக்கோவின்மீது எழுதப்பட்ட கட்டளைத் தொகுப்புகளிலிருந்தே வளர்ந்தது. சாவிப்பலகையில் அழுத்தப்படுபவற்றை வரிசையாகப் பதிவுசெய்து பின்னர் ஓட்டும் முறை ஈமாக்ஸ் மரபிற் சிறப்பிடம் பெற்றது. பதிவைத் தொடங்கி, பணியை ஒருமுறை வழமைபோற் செய்து, பதிவை முடித்தால் அப்பணி கருவியாகிவிடும். இன்றைய ஈமாக்ஸில் எத்தனை முறை எனவும் சொல்லலாம். பூச்சியம் எனச் சொன்னால், பிழையொன்று நேர்ந்து தடைப்படும்வரை ஓடும்.

புள்ளிக்கும் பதிவுக்குமுள்ள வேறுபாடு ஆழமானது. பதிவு நடந்த வழியையுஞ் சேர்த்து நினைக்கிறது. வரியின் தொடக்கத்துக்குச் செல், காற்புள்ளியைத் தேடு, அதன்பின் உள்ளதை முன்வை, அடுத்த வரிக்கு இறங்கு எனப் பல அடிகள் கொண்ட வேலைக்கு அது உகந்தது. ஆயின், ஒரு வரியிற் காற்புள்ளி இல்லாதுபோனால் வழி தவறும். ஆதலால், பதிவுசெய்வோன் தன் கையசைவை வேறெந்த வரிக்கும் பொருந்துமாறு முன்கூட்டியே செம்மைப்படுத்த வேண்டியவனாகிறான்.

கட்டளையின் வரலாற்றேடு

இறுதிக் கட்டளையை மட்டுமன்றி, இடப்பட்ட கட்டளைகள் அனைத்தையும் ஏடாகப் பேணும் எண்ணம் வேறொரு திசையிலிருந்து வந்தது. 1970களின் தொடக்கத்தில் வொறன் ரைற்றல்மன், பின்னர் இன்ரர்லிஸ்ப் எனப் பெயர்பெற்ற லிஸ்ப் மொழித் தொகுதியிலே ‘செய்நிரலாளரின் துணைவன்’ என்ற அமைப்பை உருவாக்கினார். ‘மீளச் செய்’, ‘திருத்திச் செய்’, ‘செய்ததை நீக்கு’ என்பன அதன் முக்கிய ஏவல்கள். முன்னைய கட்டளையில் ஒரு சொல்லுக்குப் பதிலாக இன்னொன்றை வைத்துச் செய்யுமாறும் பணிக்கலாம்.

பில் ஜோய் எழுதிய சீ ஷெல் என்னுங் கட்டளை ஏற்பி, 1970களின் இறுதியில் இவ்வெண்ணத்தை யுனிக்ஸ் உலகுக்குப் பரப்பியது. இரண்டு வியப்புக்குறிகளை இட்டால் முன்னைய கட்டளை மீண்டும் நிகழும். 1983 இல் டேவிட் கோர்ன் அறிமுகஞ் செய்த கோர்ன் ஷெல்லிலே, பழைய கட்டளையை வரவழைத்து வி.ஐ. அல்லது ஈமாக்ஸ் முறையிலேயே திருத்தி மீளச் செலுத்த முடிந்தது. உரையைத் திருத்தப் பிறந்த கலை, கட்டளையையே உரையாகக் கருதித் திருத்துவதற்குத் திரும்பிவந்தது.

அவ்வட்டம் நிறைவுற்றது விம் என்னுந் திருத்தியிலாகும். அற்றாரி கணினிக்காக 1987 இல் வெளியான ஸ்ரீவி என்னும் போலியை அடிப்படையாகக்கொண்டு, ஒல்லாந்தரான பிராம் மூலனார் அமிகா கணினிக்கு அமைத்த இத்திருத்தி 1991 இல் வெளிவந்தது. 2023 இல் மறையும்வரை அவர் அதனைப் பேணிவந்தார். விம்மிலே புள்ளி உண்டு. சாவிப் பதிவு உண்டு. இறுதியாக இட்ட வரிக்கட்டளையை மீட்கும் சைகை உண்டு. முன்னர் இட்ட கட்டளைகளையெல்லாம் ஒரு சாளரத்தில் வரிகளாக விரித்து, அவற்றுளொன்றைத் திருத்தி நிறைவேற்றவும் முடிகிறது.

மீட்டலும் மீளலும்

ரைற்றல்மனின் ஏவல்களில் ‘மீளச் செய்’ என்பதோடு ‘செய்ததை நீக்கு’ என்பது இணைந்திருந்தமை தற்செயலன்று. தொடக்ககால வி.ஐ.யில் இறுதியாகச் செய்த மாற்றத்தை மட்டுமே நீக்க முடிந்தது. மீண்டும் அழுத்தினால் நீக்கியது திரும்பிவரும். புள்ளியால் நாற்பது இடங்களைத் திருத்தியபின் முதற்றிருத்தமே தவறெனக் கண்டவன், ஓரடி மட்டுமே பின்னோக்க முடிந்தது. முன்னேறும் வேகத்துக்கேற்பப் பின்வாங்கும் வசதி அமையாதவிடத்து மீட்டல் பெருந்துணிவாகிறது. விம் முதலிய பிற்காலத் திருத்திகள் பலபடி பின்செல்ல இடமளித்த பின்னரே, கட்டளை மீட்பு அச்சமின்றிக் கையாளத்தக்கதாயிற்று.

தமிழ் நூல்களைக் கணினியேற்றும் பணியில் ஈடுபட்டோர் இவ்வுண்மையை நன்கறிவர். ஈழத்தில் பெருவழக்கிலிருந்த பாமினி எழுத்துருவில் தட்டச்சிடப்பட்ட உரைகளை யுனிகோட் முறைக்கு மாற்றுவது, அடிப்படையில் வரிசையாக இடப்படும் மாற்றீட்டுக் கட்டளைகளின் தொகுதியே. பாமினியிலே ‘கொ’ என்பது கொம்பு, ககரம், கால் எனக் கண்ணுக்குத் தோன்றும் ஒழுங்கில் மூன்று குறிகளாகும். யுனிகோட்டில் உயிர்க்குறி மெய்யின் பின்னரே சேமிக்கப்படும். மூன்று குறிகள் சேர்ந்தவற்றை முதலில் மாற்றாது, தனிக் குறிகளை முதலில் மாற்றினால் கொம்பும் காலும் பிரிந்து சொற்கள் சிதையும். கட்டளைகளின் வரிசை ஓரிடத்தில் தவறினால், அத்தவறு தொகுதி ஓடும் ஒவ்வொரு பக்கத்திலும் பிறக்கும்.

எக்கட்டளைத் தொகுதியாலும் தீராத இடங்களும் உள. தமிழ் எண்ணாகிய ௭ உம் எகர எழுத்தும் தோற்றத்தில் ஒத்தவை. யுனிகோட் உரைகளில் ஒன்றினிடத்தில் மற்றது புகுந்துவிடுவதுண்டு. எண்குறியை எங்கும் எகரமாக மாற்றுமாறு பணித்தால் சொற்கள் திருந்தும். ஆனால் தமிழ் எண்களிற் குறிக்கப்பட்ட ஆண்டுகள் கெடும். பழைய நூலொன்றின் பதிப்பாண்டு கெடுதல், அதனைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளனைப் பிழையான காலத்துக்கு இட்டுச்செல்லும். இத்தகைய இடங்களில் விரைவான பொதுக்கட்டளையினும், ஒவ்வோரிடத்தையும் கண்டு வேண்டுமிடத்திற் புள்ளியை அழுத்தும் பொறுமையே நூலைக் காக்கிறது.

தொகுத்து நோக்குமிடத்து, கட்டளை மீட்பின் வரலாறு வேகத்தின் வரலாறு மட்டுமன்று என்பது புலனாகும். மெதுவான கருவிகளின் நெருக்கடியே சுருக்கத்தைத் தந்தது. சுருக்கம் தெளிவுள்ள இலக்கணத்தோடு சேர்ந்தபோது கட்டளை ஓர் அலகாயிற்று. அலகானது நினைவில் வைக்கத்தக்கதாயிற்று. பின்வாங்கும் வசதி அந்நினைவைப் பாதுகாப்புள்ளதாக்கியது. கூறியதைத் திரும்பக் கூறும் சுமையைப் பொறி ஏற்றுக்கொண்டமையால் மனிதனுக்கு ஓய்வு கிடைத்தது. அவ்வோய்வைக் கண்மூடியிருப்பதற்கன்றி, அடுத்த இடத்தைக் கூர்ந்து பார்ப்பதற்குப் பயன்படுத்துபவனே நல்ல பதிப்பாசிரியனாவான்.